பிலிமில் கருமை சரியாக விழ: இமேஜ்செட்டர் லேசரின் அளவை நிர்ணயிக்கும் முறை

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் கல்யாணப் பத்திரிகைக்கும் கொடை நோட்டீஸுக்கும் பிலிம் எடுத்துப் பிளேட் போடும் அச்சகங்களில், எழுத்து மெலிந்து வந்தால் உடனே இமேஜ்செட்டரில் (கணினிப் பக்கத்தை லேசர் ஒளியால் பிலிமில் பதிக்கும் எந்திரம்) லேசரின் அளவைக் கூட்டிவிடுகிறார்கள். லேசரைத் தொடுமுன், பதித்த பிலிமைக் கெமிக்கலில் ஓட்டிக் கழுவித் தரும் பிராசஸரைச் சீராக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்; கெமிக்கல் வலுவிழந்த நாளில் கூட்டி வைத்த எண், புதுக் கெமிக்கல் ஊற்றியதும் எழுத்துகளைத் தடிக்கச் செய்துவிடும்.

பிலிமில் உருவத்தை வெளிக்கொணரும் கெமிக்கலான டெவலப்பரின் வெப்பநிலை பிலிம் நிறுவனம் சொல்லும் அளவில், பெரும்பாலும் 35 டிகிரி செல்சியஸை ஒட்டி, நிலையாக நிற்க வேண்டும். சித்திரை, வைகாசியில் அறை சூடேறும்போது, குளிர்விக்கும் வசதியில்லாத பிராசஸரில் அது தானாகவே ஏறிவிடும் என்பதால், ஏ.சி.யை முன்கூட்டியே ஓடவிட்டு, தனித் தெர்மாமீட்டரை டெவலப்பரில் வைத்துப் பார்ப்பது நல்லது. கழுவும் நீர் உப்பான போர்வெல் நீராக இருந்தால் பிலிமில் வெள்ளைப் படிவு தங்கி அளவீட்டைக் கெடுக்கும்.

இமேஜ்செட்டரை அரைமணி நேரம் சூடேறவிட்டு, வழக்கமாக வேலை செய்யும் ரெசல்யூஷனில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவில்), லேசர் எண்ணைப் படிப்படியாகக் கூட்டிச் சோதனைப் பட்டைகளை எடுங்கள். ரெசல்யூஷன் மாறினால் சரியான எண்ணும் மாறக்கூடும் என்பதால், 1200-க்கும் 2400-க்கும் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும். எந்திரத்தின் மூடியைத் திறந்து லேசரை நேரடியாகத் திருத்த முயலாதீர்கள்; அது சர்வீஸ் இன்ஜினியரின் வேலை.

ஒவ்வொரு பட்டையிலும் முழுக் கருப்பான கட்டத்தை, கருமையின் அடர்த்தியைக் காட்டும் டென்சிட்டோமீட்டரில் அளந்தால், தொடக்கத்தில் விறுவிறுவென ஏறும் அடர்த்தி பிறகு மெல்லத்தான் ஏறுவதைக் காணலாம். அடர்த்தி 3 என்றால் விழுந்த ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கசிகிறது. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பாசிட்டிவ் பிளேட்டில் ஒளி பட்ட இடம் கரைந்துபோவதால், கருப்பு போதாத பிலிம் எழுத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும். 3.8-க்கு மேல் வந்தாலே போதுமானது. அதற்குமேல் கருமையைத் துரத்தினால், படங்களில் சாம்பல் நிறத்தைக் காட்டும் சிறு புள்ளிகள் பருத்து, கருப்பில் வெள்ளையாக விட்ட மெல்லிய எழுத்துகள் அடைபடும்.

அந்த எல்லையைக் கண்டுபிடிக்கச் சதுரங்கக் கட்டச் சோதனை உதவும். ஒரு பிக்சல், இரண்டு பிக்சல், நான்கு பிக்சல் அளவுள்ள கட்டங்களை அருகருகே எடுத்து, லைட் டேபிளில் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு பிக்சல் கட்டம் மட்டும் இருண்டிருந்தால் லேசர் அதிகம், வெளிறியிருந்தால் குறைவு. மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரிந்து, கருப்பும் போதுமான அளவில் இருக்கும் எண்ணே உங்களுக்குரியது.

பிலிமின் இரு ஓரங்களிலும் நடுவிலும் அளவு வேறுபட்டால், அடுத்த சோதனைப் பிலிமைத் திருப்பிப் பிராசஸரில் விடுங்கள். வேறுபாடு பிலிமோடு திரும்பினால் குறை இமேஜ்செட்டரில். பிராசஸரின் அதே பக்கத்தில் நின்றால் கெமிக்கல் ஓட்டத்தில் அல்லது ரோலரில்.

இவ்வளவும் நிலைத்த பிறகே, டென்சிட்டோமீட்டரைத் தெளிவான பிலிமில் பூஜ்யமாக்கி, 5 முதல் 95 சதவீதம் வரை கருமையுள்ள புள்ளிக் கட்டங்களை அளந்து, பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றி இமேஜ்செட்டருக்கு அனுப்பும் ரிப் மென்பொருளின் திருத்த அட்டவணையில் இட வேண்டும். புதிய பேட்ச் பிலிம் ஏற்றும்போதும் கெமிக்கல் மாற்றும்போதும் 50 சதவீதக் கட்டத்தையும் முழுக் கருப்பையும் மீண்டும் அளந்து பார்த்து, 50 என்பது 2 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால், பிராசஸரில் தொடங்கி எல்லாவற்றையும் திரும்பச் செய்யுங்கள்.