புரோபயாட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடி டேங்க் தண்ணியப் பாருங்க

நம்ம பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பிராய்லர் வளக்கறவங்க பாதிப்பேரு குஞ்சு எறக்குன அன்னைக்கே டேங்க்ல ஆன்டிபயாட்டிக் ஊத்திருவோம், நோய் வந்துச்சான்னா இல்ல, வந்துட்டா என்ன பண்றதுங்கற பயந்தான். நானும் அப்படித்தான். அப்பறம் புரோபயாட்டிக்குக்கு, அதாவது குடலுக்கு நல்லது பண்ற உயிருள்ள கிருமிப் பவுடருக்கு மாறுனேன், மொத பேட்ச்ல ஒரு பிரயோசனமும் இல்ல. பவுடர் மேல தப்பில்லீங்க, ப்ளீச்சிங் பவுடர் போட்ட டேங்க்லயே அதையும் கலக்கி விட்டேன். குளோரினுக்கு நல்ல கிருமி கெட்ட கிருமின்னு தெரியுமா என்ன, காசு குடுத்து வாங்குனத நானே கொன்னுட்டேன்.

அதனால தனியா ஒரு ட்ரம் வெச்சுக்கங்க. மருந்து போடாத போர் தண்ணி நல்லது, குளோரின் போட்ட தண்ணிதான் கெடைக்கும்னா வாயகன்ற பாத்திரத்துல ஒரு நாள் முழுக்க வெயில்ல தொறந்து வெச்சுட்டு எடுங்க. கோழிக்குத் தண்ணி போற பைப் லைனை பேட்ச் வர்றதுக்கு முன்னாடியே கழுவிருங்க, பைப்புக்குள்ள வழவழன்னு பாசி மாதிரி ஒட்டியிருக்கும் பாருங்க, ஈகோலி மாதிரி கெட்ட கிருமி எல்லாம் அதுலதான் குடியிருக்கும்.

ஹேச்சரி குஞ்சோட குடல் கிட்டத்தட்ட காலி வீடு மாதிரி, யாரு மொதல்ல குடி வர்றாங்களோ அவங்களுக்குத்தான் எடம். 1973லயே பின்லாந்துல நுர்மி, ரந்தாலான்னு ரெண்டு பேரு பெரிய கோழி குடல்ல இருக்கற கிருமிய குஞ்சுக்குக் குடுத்து, சால்மோனெல்லாங்கற கெட்ட கிருமி உள்ள தங்க முடியாமப் போறதக் காட்டுனாங்க. வீட்டுத் தாய்க்கோழி எருக்குழியக் கெளறி குஞ்சுகளக் கூப்பிட்டு கொத்த விடுதுல்ல, கிட்டத்தட்ட அதே வேலைதான், காசில்லாம. அதனால குஞ்சு பெட்டியில இருந்து எறங்கி குடிக்கற மொத தண்ணியிலயே புரோபயாட்டிக் இருக்கணும், அப்பறம் மூணுலேர்ந்து அஞ்சு நாள் காலையில. ரெண்டு மணி நேரத்துல குடிச்சு முடிக்கற அளவு மட்டும் கலக்குங்க, மிச்சத்தக் கொட்டிருங்க. பங்குனி சித்திரையில நம்மூரு வெயிலுக்கு டேங்க் தண்ணி சுடும், அந்த நேரத்துல கலக்காதீங்க. தீனி மாத்தறப்ப, தடுப்பூசி போட்டப்பறம் திரும்ப ரெண்டு மூணு நாள் குடுக்கலாம்.

வாங்கறப்ப கிருமி பேரு, கிராமுக்கு எத்தன கோடி, எக்ஸ்பைரி தேதி மூணும் பாருங்க. பேசில்லஸ் வகை விதை மாதிரி ஓடு போட்டுக்கிட்டு தூங்கும், பெல்லட் தீனியோட சூட்டையும் தாங்கும். லாக்டோபேசில்லஸ் தாங்காது, கடைக்காரச் சேட்டன் அத வெயில் படற ஷெல்ஃப்ல வெச்சிருந்தா வாங்காம வந்துருங்க. மோர் ஊத்தலாமான்னு நெறையப் பேரு கேக்கறாங்க, அம்பது நாட்டுக்கோழிக்கு மண்சட்டியில ஊத்துங்க, ஜிங்க் தகரப் பாத்திரம் வேண்டாம், கோழி கொத்திக் குடிக்கற நிப்பிள் லைன்ல ஊத்துனீங்கன்னா அடைச்சுக்கும்.

தீனியிலயே ஆன்டிபயாட்டிக் கலந்து வருதான்னு கம்பெனி சூப்பர்வைசர்கிட்ட கேட்டுக்கங்க, அது உள்ள போயிட்டிருந்தா இதக் குடுத்தும் வீணுதான்.

புரோபயாட்டிக் வேலி, வைத்தியம் இல்ல. கோழி சாக ஆரம்பிச்சிருச்சுன்னா ஒண்ணை அறுத்துப் பாருங்க. ஈரல், இதயம் மேல பாலாடை மாதிரி வெள்ளையாப் படிஞ்சிருந்தா ஈகோலியா இருக்கலாம், குடல் பலூன் மாதிரி ஊதி உள்பக்கம் பழைய டர்க்கி டவல் மாதிரி சொரசொரன்னு இருந்தா க்ளாஸ்ட்ரிடியம்ங்கற கிருமியா இருக்கலாம். அப்ப டாக்டரக் கூப்பிடுங்க, அவரு எழுதற ஆன்டிபயாட்டிக்க சொன்ன நாள் முழுக்கக் குடுங்க, கோழிய விக்கப் புடிக்கறதுக்கு முன்னாடி எத்தன நாள் மருந்த நிறுத்தணும்னு கேட்டு எழுதி வெச்சுக்கங்க. கோலிஸ்டின்னு ஒரு ஆன்டிபயாட்டிக்க யாராவது நீட்டுனா வாங்காதீங்க, 2019லயே கோழிக்கு தடை பண்ணியாச்சு. மருந்து முடிஞ்சப்பறம்தான் புரோபயாட்டிக், ரெண்டையும் ஒண்ணாக் கலக்காதீங்க. ராணிக்கெட்டும் கம்போராவும் வைரஸ் நோய், அதுக்கு தடுப்பூசிதான்.

இன்னொண்ணு, ஷெட் தரையில விரிச்ச தென்னை மஞ்சி ஈரமா இருந்தா எதக் குடுத்தும் நிக்காது. ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா சாரல் ஷெட்டுக்குள்ளயே அடிக்கும். ஒரு கைப்பிடி மஞ்சிய அள்ளி அமுக்குங்க, கைய விரிச்சதும் உதுந்தாச் சரி, உருண்டையா நின்னா கெளறி விட்டு மேல காஞ்ச மஞ்சி போடுங்க.

ரெண்டு ஷெட் வெச்சிருக்கறவங்க மொத தடவ ஒண்ணுல மட்டும் குடுங்க. வித்தியாசம் தெரியறதுக்கு சாவு, தீனி மூட்டை, வாராவாரம் எடை மூணையும் ஷெட் கதவுல தொங்கற அட்டையிலயே எழுதுங்க, நோட்டுல எழுதலாம்னு விட்டா நாலாம் நாளே நின்னு போகும்.