பரங்கியில் திரண்ட விதை எடுப்பது எப்படி?

பார்வைக்குப் பெரிதாக இருக்கும் பரங்கிப் பழத்தை அரிந்தால், உள்ளே பாதி விதை சப்பையாகக் கிடப்பதுண்டு. எத்தனை விதை பிடிக்கும் என்பது பூ மலரும் அந்த ஒரு காலையிலும், அவை எவ்வளவு கனக்கும் என்பது பின்வரும் வாரங்களிலும் முடிவாகிவிடுகின்றன.

முதலில் பட்டம் பார்க்க வேண்டும். தமிழகத்தில் ஜூன்-ஜூலையும் டிசம்பர்-ஜனவரியும் பரங்கி விதைக்க ஏற்றவை. நீண்ட பகலும் கடும் வெப்பமும் ஆண் பூக்களைப் பெருக்கிப் பெண் பூக்களைக் குறைக்கும் என்பதால், கோடை உச்சத்தில் பூக்கும்படி விதைக்கக் கூடாது. 2 மீட்டர் இடைவெளியில், 30 செ.மீ. நீள, அகல, ஆழமுள்ள குழிகள் எடுத்து, மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் கொடி தழைக்குமே தவிர, பெண் பூ தாமதமாகும்.

அடுத்தது மகரந்தச் சேர்க்கை. விதைக்காக வளர்ப்பவர் அதிகம் மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். பூவுக்கு அடியில் குட்டிப் பரங்கி போல் உருண்டிருப்பது பெண் பூ. அதனுள் இருக்கும் நூற்றுக்கணக்கான சூல்களில், மகரந்தம் சேர்ந்தவை மட்டுமே விதையாகும். பூவோ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். மழை பெய்தால் தேனீ வராது, வெயில் ஏறினால் மகரந்தம் வீரியம் இழக்கும். ஆகவே மறுநாள் மலரக்கூடிய, நுனி மஞ்சளித்த ஆண், பெண் மொட்டுகளை முந்தைய மாலையே நூலால் கட்டிவிட்டு, காலை 8 மணிக்குள் அவிழ்த்து, வேறொரு கொடியின் இரண்டு மூன்று ஆண் பூக்களை, பெண் பூவின் நடுவே மகரந்தம் ஏற்கும் பகுதியான சூல்முடி முழுவதும் படும்படி தடவி, பெண் பூவை மீண்டும் கட்டுங்கள். ஒருமுறை அவசரத்தில் ஒரே ஆண் பூவால் ஒரு பக்கம் மட்டும் தொட்டுவிட்டேன். காய் கோணலாக வளர்ந்தது, அரிந்தபோது சூம்பிய பக்கத்தில் விதை திரளவே இல்லை.

பிஞ்சு பிடித்தபின் கொடிக்கு ஒன்றிரண்டு காய்கள் போதும். விதை முற்றும் நாட்களில் வேர் காயவிட்டாலோ, சாம்பல் நோயால் இலைகள் கருகினாலோ, தோல் மட்டும் உருவாகிப் பருப்பு நிரம்பாது.

காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத நிலையில் பறித்து, நிழலில் இரண்டு மூன்று வாரம் வைத்தபின் விதையெடுங்கள். நீரில் மிதப்பதைக் கழிக்கும் வழக்கத்தைப் பரங்கிக்கு நான் நம்புவதில்லை. நல்ல விதையும் மிதக்கும். கழுவி உலர்த்தியபின் விரலிடையே அழுத்தி, நடுவில் மேடு தட்டாதவற்றை நீக்கலாம். சேமிக்கும் அளவுக்குக் காய்ந்த விதை, வளைத்தால் வளையாமல் மடக்கென்று ஒடியும்.