ஹாஃப் ரிம் கண்ணாடியில் லென்ஸ் எப்படி நிற்கிறது? நைலான் இழையை மாற்றிப் பொருத்தும் முறை

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கத்து லென்ஸ் துணியோடு கையில் வந்துவிட்டால் யாருக்கும் முதலில் பதற்றம்தான் வரும். மேல்பாதியில் மட்டும் சட்டம் இருந்து கீழ்ப்பாதி வெறுமையாகத் தெரிகிற ஹாஃப் ரிம் கண்ணாடியை ஆண்டுக்கணக்கில் அணிபவர்கள் பலருக்கு இது ஒருமுறையாவது நேர்ந்திருக்கும். இப்படி விழும்போது பெரும்பாலும் லென்ஸும் உடைந்திருக்காது, சட்டமும் முறிந்திருக்காது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு நைலான் இழை அறுந்தோ நழுவியோ போயிருக்கும். அந்த இழை என்ன வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டவர்களுக்கு, அதை மாற்றுவது பொறுமையோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் முடிகிற காரியம். புரிந்துகொள்ளாமல் இறங்கினால் லென்ஸின் விளிம்பு சில்லு பெயர்ந்துவிடும் என்பதால், செய்முறைக்கு முன் சிறிது நேரம் அமைப்பைப் பார்த்துவிடுவோம்.

லென்ஸைப் பிடித்திருப்பது எது?

உலோகத்தாலான முழுச் சட்டக் கண்ணாடியில் வளையம் லென்ஸைச் சுற்றி வந்து ஒரு திருகாணியால் இறுக்கப்படுகிறது. லென்ஸின் விளிம்பு கூரைமுகடு போல நடுவில் புடைத்திருக்கும். அந்த முகடு வளையத்தின் உட்பள்ளத்தில் அமர்ந்துகொள்ளும். ஹாஃப் ரிம் கண்ணாடியில் இது தலைகீழாகிறது. லென்ஸின் விளிம்பு தட்டையாகத் தேய்க்கப்பட்டு, அதைச் சுற்றிலும் நுண்ணிய பள்ளம் ஒன்று வெட்டப்படுகிறது. தச்சு வேலையில் காடி என்று சொல்வார்களே, அதே வடிவம்தான், ஆனால் அகலமும் ஆழமும் அரை மில்லிமீட்டருக்கு முன்பின்னாகவே இருக்கும். அந்தக் காடியின் மேல்பகுதியில் சட்டத்தின் உட்புறத்திலுள்ள ஒரு மெல்லிய நைலான் பட்டை வந்து பொருந்துகிறது. கீழ்ப்பகுதியில் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் இழை ஓடுகிறது.

மேலேயுள்ள பட்டையைப் பலர் கவனிப்பதே இல்லை. மேல்சட்டத்தின் உட்பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், உலோகக் கால்வாய்க்குள் பொதிந்து, ஒரு சிறிய வரம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஒளிபுகும் பட்டை தெரியும். லென்ஸ் உலோகத்தில் நேரடியாக உரசாமல் காப்பதும், முன்னும் பின்னும் ஆடாமல் நிறுத்துவதும் அதன் பொறுப்பு. இழை புதிதாக இருந்தும் லென்ஸ் ஆடுகிறதென்றால் இந்தப் பட்டை தேய்ந்திருக்கிறதா, அல்லது கால்வாயிலிருந்து மேலெழும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி இந்த அமைப்பின் உயிர்நாடிக்கு வருகிறேன். கீழே ஓடுகிற இழை, ஊஞ்சல் கயிறு பலகையைத் தாங்குவதுபோல லென்ஸைத் தாங்கிக்கொண்டிருப்பதாகவே நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது சற்றே நீட்டப்பட்ட நிலையில் கட்டப்பட்டிருக்கிறது; தன் பழைய நீளத்துக்குச் சுருங்கத் துடித்தபடியே லென்ஸை மேல்சட்டத்தோடு ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. லென்ஸ் கீழே விழாமலும் சுழலாமலும் இருப்பது அந்த இழுவிசையால்தான். ஆகவே இழை அறுபடாமல் இருந்தாலும் தளர்ந்துவிட்டால் பிடிமானம் போய்விடும். நீண்டு மீளும் தன்மையும் வலுவும் ஒருங்கே அமைந்த நைலானை 1935-ஆம் ஆண்டில் டியூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1955-இல், பிரான்சின் எஸ்ஸல் நிறுவனம் நைலான் இழையால் லென்ஸைப் பிடிக்கிற சட்டத்தை நைலோர் என்ற பெயரில் வெளியிட்டது. கண்ணாடித் தொழிலில் இருப்பவர்கள் இந்த வகையை நைலோர் என்றும் சுப்ரா என்றும் இன்றும் சொல்வதுண்டு.

உங்கள் கண்ணாடி இந்த வகைதானா?

மேலே தடித்த புருவம் போன்ற பகுதியும் கீழே மெல்லிய உலோக வளையமும் உள்ள சட்டங்கள் தூரத்தில் பார்க்க ஹாஃப் ரிம் போலவே தோன்றும். 1947-இல் ஷூரான் நிறுவனம் அறிமுகப்படுத்திய வடிவம் அது. அதில் கீழேயுள்ள வளையம்தான் லென்ஸைப் பிடிக்கிறது, இழை கிடையாது. லென்ஸில் துளையிட்டுத் திருகாணியால் மூக்குப் பாலத்தையும் காதுத் தண்டுகளையும் இணைத்திருந்தால் அது முற்றிலும் சட்டமில்லாத வகை. இழைக்குப் பதிலாக மெல்லிய உலோகக் கம்பி ஓடுகிற சட்டங்களும் உண்டு. அவற்றை வீட்டில் தொட வேண்டாம். நகத்தை லென்ஸின் கீழ்விளிம்பில் ஓட்டிப் பாருங்கள். விளிம்பின் நடுவில் ஒளிபுகும் இழை ஒன்று தட்டுப்பட்டால், இங்கே சொல்லும் முறை உங்களுக்குப் பொருந்தும்.

லென்ஸின் பொருளும் முக்கியம். காடி வெட்ட இடம் வேண்டும் என்பதால் விளிம்பின் மிக மெல்லிய பகுதிகூட ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன் இருப்பது நல்லது. பாலிகார்பனேட், டிரைவெக்ஸ் என்ற பிளாஸ்டிக் வகைகள் வளைந்துகொடுக்கும் என்பதால் இந்த வகைச் சட்டத்துக்கு மிகவும் ஏற்றவை. உண்மையான கண்ணாடியில் செய்த லென்ஸில் காடியின் இரு கரைகளும் எளிதில் சில்லு பெயரும். அதை வைத்து முதன்முறையாகப் பழக வேண்டாம். கிட்டப்பார்வைக்கான மைனஸ் லென்ஸ் வைத்திருப்பவர்கள், காடி விளிம்பின் நட்டநடுவில் இல்லாமல் முன்பக்கம் ஒதுங்கியிருப்பதைக் காணலாம். அது பிழையன்று, தடித்த விளிம்பின் பெரும்பகுதி சட்டத்துக்குப் பின்னால் மறைய வேண்டும் என்பதற்காகவே அப்படி வெட்டுகிறார்கள்.

தேவையானவை

கண்ணாடிச் சட்டத்துக்கென்று விற்கப்படும் நைலான் இழை, கூரான நகவெட்டி, ஒரு தையல் ஊசி, மென்மையான துணி, கால் அங்குல அகலத்தில் ஒரு முழ நீளமுள்ள வழவழப்பான ரிப்பன். இவ்வளவுதான். இழையின் தடிமன் பழைய இழையின் தடிமனோடு ஒத்திருக்க வேண்டும். தடித்த இழை காடிக்கு வெளியே துருத்தி நழுவும், மெல்லிய இழை ஆழத்தில் புதைந்து தளரும். மீன்பிடி நரம்பும் நைலான்தானே என்று சிலர் அதைக் கட்டிவிடுகிறார்கள். ஒரு பயணத்தின் நடுவே வேறு வழியில்லாதபோது அது உதவலாம், ஆனால் சரியான இழை கிடைத்தவுடன் மாற்றிவிடுவதே முறை. ரிப்பனை மட்டும் தேவையற்றதென்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்த வேலையில் திறமையின் பாதி ரிப்பனில்தான் இருக்கிறது.

முதல் படி: பார்த்து வைத்தல்

எதையும் கழற்றுவதற்கு முன் மேல்சட்டத்தின் இரு முனைகளையும் அருகிலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூக்குப் பக்க முனையிலும் காதுப் பக்க முனையிலும் இரண்டிரண்டு சிறு துளைகள் அடுத்தடுத்து இருக்கும். நல்ல நிலையிலுள்ள மறு கண்ணின் இழை எந்தத் துளையில் நுழைந்து எதில் வெளிவருகிறது என்பதே உங்களுக்கான வரைபடம். சட்டத்துக்குச் சட்டம் இது சிறிது மாறக்கூடும் என்பதால் நான் சொல்வதைவிட உங்கள் சட்டம் காட்டுவதையே நம்புங்கள். லென்ஸ் கழன்று கையில் இருந்தால், அது இடமா வலமா என்று ஒரு சிறு ஒட்டுத்தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாம் படி: பழைய இழையை நீக்குதல்

லென்ஸ் இன்னும் சட்டத்திலேயே இருந்தால், கீழ்விளிம்பின் வெளிக்கோடியில் இழைக்கும் லென்ஸுக்கும் நடுவே ரிப்பனை நுழைத்து இழையைக் கீழ்நோக்கி இழுத்து, அப்படியே பக்கவாட்டில் நகர்த்தினால் இழை காடியை விட்டு வெளியேறும். பின்பு பழைய இழையை வெட்டி, துளைகளில் சிக்கியுள்ள துண்டுகளை ஊசியால் தள்ளி எடுங்கள். வெட்டிய துண்டுகளை எறிந்துவிட வேண்டாம். தடிமனை ஒப்பிட உதவும். லென்ஸின் காடியில் அழுக்கும் வியர்வை உப்பும் படிந்திருக்கும். சோப்புநீரில் நனைத்த மெல்லிய தூரிகையால் அதைத் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். அசிட்டோன் கலந்த எதையும் கிட்டே கொண்டுவர வேண்டாம், பாலிகார்பனேட் கெட்டுவிடும்.

மூன்றாம் படி: ஒரு முனையைக் கட்டுதல்

புதிய இழையின் முனையைச் சாய்வாக வெட்டினால், ஊசியில் நூல் கோப்பதுபோலத் துளையில் எளிதாக நுழையும். சட்டத்தின் உட்பக்கத்திலிருந்து கீழ்த்துளை வழியாக வெளியே விட்டு, வெளியிலிருந்து மேல்துளை வழியாக மீண்டும் உள்ளே கொண்டுவாருங்கள். உள்ளே வந்த முனை ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை மேல்சட்டத்தின் கால்வாயில் படுத்திருக்கும்படி விட்டுவிட்டு, மீதியை வெட்டுங்கள். முடிச்சுப் போடக் கூடாது. அங்கே முடிச்சுக்கு இடமே இல்லை. இரண்டு துளைகளில் வளைந்து திரும்புவதால் ஏற்படும் உராய்வும், லென்ஸ் உட்கார்ந்தபின் அதன் அழுத்தமும் சேர்ந்து முனையை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

நான்காம் படி: நீளம் அளத்தல்

இங்கேதான் நிதானம் வேண்டும். லென்ஸின் மேல்விளிம்பை நைலான் பட்டையின் வரம்பில் பொருத்தி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இழையைக் காடி வழியாகச் சுற்றி மறுமுனையின் கீழ்த்துளை வரை கொண்டுவாருங்கள். துளையைத் தொடும் இடத்தில் இழையின்மேல் பேனாவால் புள்ளி வையுங்கள். பின்பு லென்ஸை எடுத்துவிட்டு, இழையை மறுமுனையின் கீழ்த்துளை வழியாக வெளியே விட்டு மேல்துளை வழியாக உள்ளே வாங்கும்போது, அந்தப் புள்ளி துளையைத் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே போகுமாறு இழுத்துக்கொள்ளுங்கள். அதாவது இழை, தான் சுற்றிவர வேண்டிய தொலைவைவிடச் சிறிது குறைவாக இருக்கிறது. அந்தக் குறைதான் பின்னர் இழுவிசையாக மாறுகிறது.

முதல்முறை நானே இழை மாற்றியபோது இந்தக் குறையை விடாமல் சரியான நீளத்துக்கே கட்டிவிட்டேன். லென்ஸ் விழவில்லை, அன்று எல்லாம் நன்றாகவே தோன்றியது. சில வாரங்களில் மாலை நேரங்களில் கண் வலிக்கத் தொடங்கியது. எழுத்தின் ஓரங்கள் நிழல் விழுந்ததுபோல இரட்டையாகத் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றி விரலால் தள்ளிப் பார்த்தபோது லென்ஸ் இருந்த இடத்திலேயே மெல்லச் சுழன்றது. சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசையில் மட்டும் பார்வையைத் திருத்தும் பவர், உள்ள லென்ஸ் குறிப்பிட்ட அச்சுக் கோணத்தில் நிற்க வேண்டும். அது சில பாகைகள் திரும்பினாலும் பார்வை கலங்கும். கீழே விழாமல் இருந்துவிட்டால் மட்டும் லென்ஸ் சரியாக நிற்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

ஐந்தாம் படி: லென்ஸை உள்ளே அமர்த்துதல்

புடைத்த பக்கம் வெளியே பார்க்குமாறு லென்ஸைப் பிடித்து, மேல்காடியைப் பட்டையின் வரம்பில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை முழுதாகப் பொருத்துங்கள். இழையின் அடியில் ரிப்பனை மடித்து நுழைத்து, அதன் இரு முனைகளையும் ஒரு கையால் சேர்த்துப் பிடியுங்கள். மறு கையின் கட்டைவிரல் லென்ஸை மேல்சட்டத்தோடு அழுத்தியபடியே இருக்கட்டும். மூக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி, ரிப்பனைக் கீழ்நோக்கி இழுத்தவாறு லென்ஸின் விளிம்பை ஒட்டி மெதுவாகக் காதுப் பக்கம் நகர்த்துங்கள். ரிப்பன் கடந்துபோன இடத்திலெல்லாம் இழை காடிக்குள் விழுந்துகொண்டே வரும். கடைசி வளைவைத் தாண்டும்போது விரல் நுனியில் ஒரு சிறு துள்ளல் தெரியும், காதைக் கிட்டே வைத்திருந்தால் ஒரு மெல்லிய சொடுக்கும் கேட்கும். இழை தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேறில்லை. இப்போது ரிப்பனின் ஒரு முனையை விட்டுவிட்டு மறுமுனையை விளிம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் உருவி எடுங்கள். நேராகக் கீழே இழுத்தால் இழையும் கூடவே வெளியே வந்துவிடும்.

இழையைத் தள்ள ஊசியையோ திருப்புளியையோ பயன்படுத்த வேண்டாம். காடியின் கரை மெல்லியது. உலோக முனை ஒருமுறை வழுக்கினாலே சில்லு பெயரும்.

ஆறாம் படி: சோதித்தல்

லென்ஸின் அடிப்பகுதி நடுவில் ரிப்பனை மறுபடியும் நுழைத்து இழையை அழுத்தமாகக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். இழைக்கும் விளிம்புக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் இறுக்கம் சரி. அதற்குமேல் விழுந்தால் தளர்வு. இழையை இன்னும் சிறிது உள்ளே வாங்கிக் கட்ட வேண்டும். இழை அசையவே மறுத்தால் மிகை இறுக்கம். அப்படியே விட்டால் இழை அறுபடும், இல்லையென்றால் காடியின் கரை பெயரும். அடுத்து லென்ஸை இரு விரல்களால் பிடித்துச் சுழற்ற முயலுங்கள். அது அசையக் கூடாது. கடைசியாகக் கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்தி, மேல்சட்டத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே எங்காவது ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் லென்ஸ் பட்டையில் முழுதாக அமரவில்லை; கழற்றி ஐந்தாம் படியிலிருந்து மீண்டும் செய்யுங்கள்.

கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய நிலைகளும் உண்டு. காடியின் கரை உடைந்திருந்தால் எத்தனை முறை இழை மாற்றினாலும் அந்த இடத்தில் அது வெளியே நழுவும்; லென்ஸையே மாற்ற வேண்டும். மேல்சட்டம் வளைந்திருந்தாலும், துளைகள் தேய்ந்து பெரிதாகியிருந்தாலும், உள்பட்டை கிழிந்திருந்தாலும் உரிய கருவிகள் உள்ளவரிடம் கொடுப்பதே நல்லது. இவை எதுவும் இல்லாமல் இழை மட்டுமே பழுதாகியிருந்தால், மறு கண்ணின் இழையையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே நாளில் கட்டப்பட்டு, ஒரே வெயிலையும் வியர்வையையும் தாங்கியவை. ஒன்று அறுந்திருக்கிறதென்றால் மற்றதும் அறுபடும் காலம் நெருங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.