1796 அமெரிக்க அதிபர் தேர்தலை வரைபடத்தில் வாசிப்பது எப்படி?

முதலில் 16 மாநிலங்கள் மட்டுமே உள்ள அன்றைய வரைபடத்தை எடுங்கள். இன்றைய வரைபடம் ஏமாற்றிவிடும். மெய்ன் அப்போது மாசசூசெட்ஸோடும், மேற்கு வர்ஜீனியா வர்ஜீனியாவோடும் இருந்தன.

மக்கள் வாக்குச் சதவீதத்தை வைத்து வண்ணம் தீட்டாதீர்கள். நியூயார்க், தென் கரோலினா போன்ற பல மாநிலங்களில் தேர்வாளர்களை (மாநிலத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்க வாக்களிப்பவர்களை) சட்டமன்றமே நியமித்தது. தேர்வாளர் வாக்குகளே நம்பகமான அளவுகோல்.

முக்கிய வேட்பாளர்கள் இருவர்: ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன். ஆடம்ஸுக்கு: நியூ இங்கிலாந்தின் (வடகிழக்கு மூலையிலுள்ள மாநிலங்களின்) 39, நியூயார்க் 12, நியூஜெர்சி 7, டெலவேர் 3, மேரிலாந்து 7. ஜெஃபர்சனுக்கு: பென்சில்வேனியா 14, வர்ஜீனியா 20, வட கரோலினா 11, தென் கரோலினா 8, ஜார்ஜியா 4, கென்டக்கி 4, டென்னசி 3, மேரிலாந்து 4.

பலர் தடுமாறுவது மேரிலாந்தில்தான். 10 தேர்வாளர்கள், ஆனால் 7-ம் 4-ம் சேர்ந்தால் 11! கணக்கில் பிழையில்லை. அன்று ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு வாக்குகள். ஒருவர் இருவருக்குமே போட்டார். ஆகவே அந்த மாநிலத்துக்குக் கோடிட்ட வண்ணம் கொடுங்கள்.

பென்சில்வேனியா, வர்ஜீனியா, வட கரோலினாவில் ஆடம்ஸுக்குக் கிடைத்த தலா ஒரு வாக்கைத் தனிப் புள்ளியாகக் குறிக்க மறக்காதீர்கள். முடிவு: ஆடம்ஸ் 71, ஜெஃபர்சன் 68. அம்மூன்றில் இரண்டு ஜெஃபர்சன் பக்கம் போயிருந்தால், அவரே 70 பெற்று அதிபராகியிருப்பார்.