போர்ச்சுகலில் ஒயினும் உணவும்: மூன்று நாள் பயணத்துக்கு ஒரு குறிப்பு

போர்ட்டோ நகரிலிருந்து டோரோ பள்ளத்தாக்கு வரை ஒயினையும் உள்ளூர் உணவையும் சுவைக்கச் செல்பவர்கள், வாடகைக் காரைத் தவிர்த்து ரயிலில் செல்வதே நல்லது. அப்பகுதியின் புகழ்பெற்ற போர்ட் ஒயின் நொதிக்கும்போதே அதில் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுவதால், இனிப்பு தங்கிவிடுவதோடு ஆல்கஹாலும் ஏறத்தாழ 20 சதவீதம் இருக்கும். இரண்டு மூன்று சிறு கோப்பைகளுக்குப் பிறகு வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் கார் ஓட்டுவது ஆபத்தானது.

போர்ட்டோவிலிருந்து டோரோ பள்ளத்தாக்கிலுள்ள பின்யா என்ற சிற்றூருக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். போகும்போது வலப்புற இருக்கையில் அமர்ந்தால், பயணத்தின் பிற்பாதியில் டோரோ ஆறு சன்னலை ஒட்டியே வரும். பின்யா நிலையத்தில் இறங்கியவுடன் வெளியேறிவிடாமல், அறுவடைக் காட்சிகள் தீட்டப்பட்டு நிலையச் சுவரில் பதிக்கப்பட்ட நீல நிற ஓடுகளைச் சற்று நின்று பாருங்கள். 1756-லேயே எல்லை வகுக்கப்பட்ட அந்த ஒயின் வட்டாரத்தின் வாழ்க்கை முழுவதும் அச்சுவரில் இருக்கிறது. மறுநாளை, மாலைக்குள் போர்ட்டோ திரும்பிவிடக்கூடிய தொலைவிலுள்ள கிமாராயிஷ் என்ற பழைய கோட்டை நகருக்கு ஒதுக்கலாம்.

உணவகத்தில் அமர்ந்ததும், கேட்காமலேயே மேசைக்கு வரும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி ஆகியவை பெரும்பாலும் இலவசமல்ல. வேண்டாமெனில் தொடாமல் திருப்பி அனுப்பிவிடலாம். பட்டியலில் ‘மெய்யா டோஸ்’ என்றிருந்தால் அது அரை அளவு; ஒருவருக்கு அதுவே பெரும்பாலும் போதும்.