அமெரிக்காவில் டிப்ஸ்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவுக்கு வேலைக்கோ படிக்கவோ வரும் நம் ஆட்கள் வரிப் பிடித்தம், வீட்டு வாடகை, கிரெடிட் ஸ்கோர் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். டிப்ஸ் பற்றி மட்டும் யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. சாப்பிட்டு முடித்து பில் மேசைக்கு வந்த பிறகு, "எவ்வளவு வைக்கணும்?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். அவரும் புதியவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

தவறுகள் பல மாதிரி இருந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். ஊரில் சர்வருக்குச் சம்பளம் ஓனர் கொடுக்கிறார், நாம் வைப்பது அதற்கு மேல் ஒரு சந்தோஷம். இங்கே மேசைக்கு வந்து பரிமாறுபவரின் சம்பளத்தில் பெரும்பகுதியே நாம் வைப்பதுதான். இது பேச்சுக்குச் சொல்வதில்லை, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-லிருந்து அது மாறவில்லை. ஆனால் டிப்ஸ் வாங்கும் வேலையாளுக்கு ஓனர் தன் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். அந்தத் தொகை 1991-லிருந்து அப்படியே நிற்கிறது. மீதி 5.12 டாலரை வாடிக்கையாளர் கொடுத்துவிடுவார் என்று சட்டம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. டிப்ஸ் அந்த அளவுக்கு வராவிட்டால் குறையை ஓனர் நிரப்ப வேண்டும் என்பதும் சட்டம்தான். ஆனால் அது மொத்த வாரத்துக்கும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. சனிக்கிழமை இரவு நல்ல கூட்டம் வந்திருந்தால், செவ்வாய்க்கிழமை மதியம் காலியாக நின்றதெல்லாம் அதில் அடிபட்டுப் போகும். நம்மவர்கள் நிறைய இருக்கும் டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா மூன்றிலுமே இந்த 2.13 டாலர் கணக்குதான்.

ஆகவே, டிப்ஸ் வைக்காமல் எழுந்து வருவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். "ஓனர் ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கட்டும், நான் ஏன் கொடுக்கணும்?" என்று சிலர் கொள்கையாகவே பேசுவார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் வைக்காமல் போனால் ஓனருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, பில் தொகை முழுசாக அவர் கல்லாவுக்குப் போய்விடுகிறது. நஷ்டப்படுவது சர்வர்தான். பல உணவகங்களில் அவர் தன் டிப்ஸில் ஒரு பங்கை மேசை துடைப்பவருக்கும் பானம் கலந்து கொடுப்பவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பங்கை அன்றைய மொத்த விற்பனையை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். விற்பனையில் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 80 டாலருக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் வைக்காமல் போனால், உங்கள் மேசையின் பேரில் போகவேண்டிய 3.20 டாலர் இன்னொரு மேசை வைத்த டிப்ஸிலிருந்து போகும். ஒரு மணி நேரம் உங்களைக் கவனித்ததற்கு அவருக்கு மிஞ்சியது அந்தக் கைநஷ்டம்தான்.

எவ்வளவு வைக்கலாம்? உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் 18 முதல் 20 சதவீதம். 15 என்பது பழைய கணக்கு. இன்று அது "கவனிப்பு சுமார்தான்" என்று சொல்வதற்குச் சமம். நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபேயில் 10 சதவீதம் போதும். இந்திய உணவகம் என்றால் "நம்ம கடைதானே" என்று பாதியாகக் குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பரிமாறுபவர் தமிழில் பேசினாலும் அவருக்கும் அதே சட்டம்தான், அதே வாடகைதான்.

கலிபோர்னியா, வாஷிங்டன், ஒரேகான், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் இந்தக் குறைந்த கூலி கிடையாது. அங்கே சர்வருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலியை ஓனரே கொடுக்க வேண்டும். அப்படியானால் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் டிப்ஸ் வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்பதே என் பதில். அங்குள்ள வழக்கமும் 18, 20 என்றுதான் இருக்கிறது, அதை நம்பித்தான் அந்த வேலைக்கு ஆள் வருகிறார்கள்.

பில்லைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது

பில் ஒரு சின்ன உறைக்குள் வரும். அதைப் பார்த்துவிட்டு கார்டை உள்ளே வைத்துக் கொடுத்தால், சர்வர் உள்ளே போய்த் தேய்த்துவிட்டு இரண்டு சீட்டும் ஒரு பேனாவும் கொண்டுவந்து வைப்பார். ஒன்று உங்களுக்கு, மற்றது கடைக்கு. கடைச் சீட்டில் டிப்ஸ் என்ற கோட்டிலும் மொத்தம் என்ற கோட்டிலும் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாக வந்தவர்கள் தங்கள் சீட்டில் அழகாக எழுதி வைத்துவிட்டு கடைச் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்புறம் கடைக்காரரிடம் டிப்ஸ் போடுவதற்கு ஆதாரமே இருக்காது. மொத்தம் என்ற இடத்தை வெற்றாகவும் விடாதீர்கள், கூட்டி எழுதுங்கள். வங்கிக் கணக்கில் என்று கைபேசியில் முதலில் வரும் தொகையில் டிப்ஸ் இருக்காது. ஓரிரு நாள் கழித்து மாறும். பயந்து வங்கிக்குப் போன் போட வேண்டாம்.

சதவீதத்தை வரிக்கு முந்தைய தொகையில் போட்டால் போதும். டல்லாஸ் பக்கம் 80 டாலர் பில்லுக்கு 8.25 சதவீத விற்பனை வரி 6.60, ஆக 86.60. உங்கள் 20 சதவீதம் 80-க்கு 16 டாலர். எழுத வேண்டிய மொத்தம் 102.60. சில கடைகளில் நீட்டும் திரை 86.60-க்குக் கணக்குப் போட்டு 17.32 என்று காட்டும். அந்த வித்தியாசம் உங்கள் இஷ்டம், கடமை இல்லை. ஆனால் கூப்பன் போட்டுப் பாதி விலைக்குச் சாப்பிட்டால், டிப்ஸைத் தள்ளுபடிக்கு முந்தைய விலைக்கே போடுங்கள். சர்வர் பாதித் தட்டைத் தூக்கி வரவில்லை.

ஆறு பேர், எட்டுப் பேர் சேர்ந்து போனால் பல இடங்களில் 18 சதவீதத்தை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். மயாமி கடற்கரைப் பக்கம் இரண்டு பேர் போனாலும் சேர்ப்பதுண்டு. அதைக் கவனிக்காமல் கீழே இன்னொரு 20 எழுதுபவர்கள் உண்டு. 'கிராஜுவிட்டி' (ஊரில் ஓய்வின்போது கிடைக்கும் பணம் இல்லை, இங்கே டிப்ஸுக்கே இன்னொரு பெயர்) அல்லது 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தக் கட்டணம் சட்டப்படி கடையின் வருமானம். முழுவதும் பரிமாறியவருக்குப் போகிறதா என்று அவரிடமே கேட்கலாம், தப்பில்லை. இதற்கு மாறாக, நீங்களாக எழுதும் டிப்ஸ் வேலையாட்களுக்கு உரியது. ஓனரோ மேனேஜரோ அதில் பங்கெடுக்கக் கூடாது என்று 2018-இல் சட்டம் வந்துவிட்டது.

கூட்டமாகப் போகும்போது இன்னொரு வேலையும் நடக்கிறது. ஒருவர் கார்டைக் கொடுப்பார். மற்றவர்கள் மெனுவைப் பார்த்து, "என் தோசை 14 டாலர்" என்று சரியாக 14 டாலரை அனுப்பிவைப்பார்கள். வரியும் டிப்ஸும் கார்டு கொடுத்தவர் தலையில் விழும், அல்லது அவர் டிப்ஸைக் குறைத்து எழுதுவார். உங்கள் பங்கு விலையோடு கால்வாசி, முப்பது சதவீதம் சேர்த்து அனுப்புங்கள்.

திரை காட்டியதும் பதறுவது

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. காபிக் கடையில் வரிசையில் நின்று, கோப்பையை நாமே வாங்கிக்கொண்டு வரும் இடத்தில், திரையைத் திருப்பி 18, 20, 25 என்று காட்டுவார்கள். பின்னால் ஆள் நிற்கிறார், எதிரே கடைப் பையன் பார்க்கிறான் என்ற கூச்சத்தில் கை 20-ஐ அழுத்திவிடும். அங்கே வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் முழுக் கூலி உண்டு. மனசிருந்தால் ஒரு டாலர் போடுங்கள், இல்லாவிட்டால் 'நோ டிப்' அழுத்திவிட்டு நிம்மதியாக நகருங்கள். பார்சல் வாங்க நேரில் போகும்போதும் அப்படித்தான்.

வீட்டுக்கு வரவழைத்தால் கதை வேறு. பில்லில் 'டெலிவரி ஃபீ' என்று இருப்பதைப் பார்த்து, கொண்டுவருபவருக்கு அது போய்விடும் என்று நினைக்காதீர்கள். அவர் தன் காரில், தன் பெட்ரோலில் வருகிறார். செயலியில் ஆர்டர் போடும்போதே டிப்ஸ் கேட்பது ஏனென்றால், பல ஓட்டுநர்களுக்கு அந்த ஆர்டரில் ஏறக்குறைய என்ன கிடைக்கும் என்பது ஏற்பதற்கு முன்பே தெரிந்துவிடும். குறைவென்றால் யாரும் எடுக்க மாட்டார்கள். உங்கள் பிரியாணி கடையிலேயே ஆறிக்கிடக்கும். சின்ன ஆர்டருக்கு 4, 5 டாலர், பனியிலும் மழையிலும் கூடுதலாக. பெரிய டிப்ஸ் காட்டி வரவழைத்துவிட்டு, பொருள் கைக்கு வந்ததும் அதைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

முடிவெட்டுபவருக்கு 15 முதல் 20 சதவீதம். ஓட்டலில் தங்கினால் அறை சுத்தம் செய்பவருக்கு இரவுக்கு 3 முதல் 5 டாலர், கிளம்பும் நாளில் மொத்தமாக இல்லாமல் தினமும் வையுங்கள், ஏனென்றால் நாளுக்கு நாள் ஆள் மாறலாம். "நன்றி" என்று ஒரு சீட்டும் பக்கத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் உங்கள் காசை எடுக்க அவர் தயங்குவார்.

கோபத்தை டிப்ஸில் காட்டுவது

சாப்பாடு தாமதமானால், உப்பு கூடினால், அது சமையலறையின் தவறு. தட்டைத் தூக்கி வந்தவரின் கூலியில் அதைப் பிடிக்காதீர்கள். மேனேஜரைக் கூப்பிட்டுச் சொன்னால், பெரும்பாலும் அந்தப் பதார்த்தத்தைப் பில்லிலிருந்தே எடுத்துவிடுவார்கள். சர்வரே அலட்சியமாக நடந்தால் 10 சதவீதமாகக் குறைக்கலாம், காரணத்தையும் சொல்லலாம். பாடம் புகட்டுவதாக நினைத்துச் சில்லறைக் காசை மேசையில் எண்ணி வைப்பது மட்டும் வேண்டாம். அது அவமானப்படுத்துவது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது ஒரு சிக்கல் வரும். 16 டாலர் டிப்ஸ் என்றதும் மனசுக்குள் ரூபாயாக மாற்றி, "ஆயிரத்துக்கு மேலயா?" என்று அதிர்வார்கள். அவர்கள் முன்னால் குறைத்து எழுதிவிட வேண்டாம். வீட்டிலேயே 2.13 டாலர் கணக்கைச் சொல்லிவிடுங்கள், அம்மாவே அடுத்த முறை "அந்தப் பொண்ணுக்கு வச்சியா?" என்று கேட்பார்.

கொடுக்கவே கூடாத இடங்கள்

அரசு அலுவலகம், போலீஸ், குடியேற்ற அதிகாரி, மருத்துவமனை நர்ஸ், பள்ளி ஆசிரியர் இவர்கள் யாருக்கும் டிப்ஸ் கிடையாது. போலீஸ்காரர் காரை நிறுத்தும்போது உரிமத்தோடு ஒரு நோட்டைச் சேர்த்து நீட்டினால் அது லஞ்சம், குற்றம். விசாவில் இருப்பவர் அதற்குப் பிறகு எதைச் சொல்லியும் மீள்வது கடினம். தபால்காரருக்கும் ரொக்கம் கொடுக்கக் கூடாது. அவர் மத்திய அரசு ஊழியர், வாங்கினால் அவருக்குத்தான் சிக்கல். டிசம்பரில் ஏதாவது கொடுக்க ஆசை என்றால் 20 டாலர் மதிப்புக்குள் ஒரு பொருளாகக் கொடுக்கலாம். ஒருவரிடமிருந்து வருடத்துக்கு மொத்தம் 50 டாலர் மதிப்பு வரை அவர் ஏற்றுக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. ஒரு டப்பா முறுக்கு தாராளமாக அதற்குள் அடங்கும்.