வரலாற்று இயேசுவைத் தேடி நற்செய்தி நூல்களைப் படிக்கும் முறை

கிறிஸ்துமஸ் குடிலில் ஆட்டிடையர்களும் கீழ்த்திசை ஞானிகளும் ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள். ஆனால் இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு நற்செய்தி நூல்களில், இடையர்கள் லூக்காவின் நற்செய்தியில் மட்டுமே வருகிறார்கள். ஞானிகள் மத்தேயுவில் மட்டுமே வருகிறார்கள். லூக்காவில் விண்மீன் இல்லை, மத்தேயுவில் தீவனத் தொட்டி இல்லை. தனித்தனியாக எழுதப்பட்ட நூல்கள் நம் மனத்தில் எவ்வளவு எளிதாக ஒரே கதையாகக் கலந்துவிடுகின்றன என்பதற்கு அந்தக் குடிலே சான்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கலிலேயாவில் வாழ்ந்த இயேசு என்ற யூதரைப் பற்றி வரலாற்று முறையில் எதை அறிய முடியும் என்று கேட்பவர், முதலில் இந்தக் கலப்பைப் பிரித்தாக வேண்டும். அதற்குக் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு தமிழ் விவிலியமும், அகலமான நோட்டுப் புத்தகமும், இரண்டு மூன்று வண்ணப் பென்சில்களும், சில மாலைப் பொழுதுகளும் போதும்.

தொடங்குவதற்கு முன் கேள்வியைச் சரியாக வரையறுத்துக்கொள்ளுங்கள். "இயேசு உயிர்த்தெழுந்தாரா?" என்பது நம்பிக்கையின் கேள்வி, அதை அளக்கும் கோல் வரலாற்று முறையின் கையில் இல்லை. "அவர் தங்களுக்குத் தோன்றினார் என்று அவருடைய சீடர்கள் எவ்வளவு முன்னதாகவே சொல்லத் தொடங்கினார்கள்?" என்பது வரலாற்றுக் கேள்வி, அதற்குச் சான்று உண்டு, விடையும் உண்டு. நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆராயக்கூடிய கேள்விகள் இவ்வகையானவையே. ஹாம்பர்க் நகரில் கீழை மொழிகள் கற்பித்த ரைமாரூஸ் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதியின் பகுதிகளை, அவர் இறந்த பின் 1774 முதல் 1778 வரை ஜெர்மன் எழுத்தாளர் லெஸ்ஸிங் வெளியிட்டார். அன்று தொடங்கிய வரலாற்று இயேசு ஆய்வுத்துறை இன்றுவரை தடுமாறிய இடங்களில் பல, இந்த இரண்டு வகைக் கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட இடங்கள்தாம்.

சான்றுகளைக் காலவரிசையில் அடுக்குதல்

விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் நற்செய்திகள் முதலிலும், தொடக்ககாலத் திருத்தூதர் பவுலின் கடிதங்கள் பின்னாலும் இருப்பதால், எழுதப்பட்ட வரிசையும் அதுவே என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. இயேசு சிலுவையில் அறையப்பட்டது ஏறத்தாழ கி.பி. 30 என்று கொண்டால், பவுல் தம் கடிதங்களை 50களில் எழுதினார். மாற்கு நற்செய்தி 70ஐ ஒட்டியும், மத்தேயுவும் லூக்காவும் அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தும், யோவான் நூற்றாண்டின் இறுதியிலும் எழுதப்பட்டன என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. மத்தேயுவும் லூக்காவும் மாற்குவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவர்கள் என்பதும் பெரும்பான்மைக் கருத்து. இது நடைமுறையில் மிக முக்கியம்: மூன்று நூல்களிலும் ஒரு நிகழ்ச்சி வருகிறது என்பதற்காக அதற்கு மூன்று சாட்சிகள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு சாட்சியும், அவரைப் பார்த்து எழுதிய இருவருமாகவும் அது இருக்கலாம்.

பவுல் இயேசுவின் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வது சொற்பம்; ஆனால் அந்தச் சொற்பத்தின் மதிப்பு பெரிது. கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரத்தில், தாம் எருசலேமுக்குப் போய்க் கேபாவோடு, அதாவது பேதுருவோடு, பதினைந்து நாள் தங்கியதாகவும், "ஆண்டவரின் சகோதரர்" யாக்கோபைப் பார்த்ததாகவும் எழுதுகிறார். தம்மைப் பற்றி எதிரிகள் பரப்பிய பேச்சுக்குப் பதில் சொல்லும் சூட்டில், போகிற போக்கில் எழுதிய வரி அது. வாதத்தின் நடுவே தற்செயலாக உதிரும் இத்தகைய வரிகளையே வரலாற்றாசிரியர்கள் தேடித் தேடிப் பொறுக்குகிறார்கள்.

கிறிஸ்தவர் அல்லாதோரின் சான்றுகளையும் அருகில் வையுங்கள். யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் 93-94இல் முடித்த நூலில் இயேசுவைப் பற்றி இரண்டு இடங்களில் பேசுகிறார். அவற்றுள் நீண்ட பகுதியில் பிற்காலக் கிறிஸ்தவர் ஒருவரின் கை புகுந்திருக்கிறது; "இவரே கிறிஸ்து" என்று விசுவாச அறிக்கை செய்யும் வாக்கியத்தை ஜோசிஃபஸ் எழுதியிருக்க மாட்டார். யாக்கோபு கொல்லப்பட்டதைச் சொல்லும்போது, அவர் யார் என்று அடையாளம் காட்டுவதற்காக மட்டும் இயேசுவின் பெயரைச் சொல்லிப் போகும் குறுகிய வரியைப் பெரும்பாலோர் அவருடையதாகவே ஏற்கின்றனர். ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிடஸ் ஏறத்தாழ 116இல் எழுதியதில், திபேரியு பேரரசர் காலத்தில், யூதேயாவின் ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்துவால் கிறிஸ்து கொல்லப்பட்டார் என்ற செய்தி இருக்கிறது.

ஒரு பகுதியைக் கட்டம் கட்டிப் பார்த்தல்

நோட்டுப் புத்தகத்தைக் குறுக்காகத் திருப்பி நான்கு கட்டங்கள் வரைந்து, இயேசு திருமுழுக்கு யோவானிடம் (நற்செய்தி எழுதிய யோவான் அல்ல) திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்ற பகுதியை ஒவ்வொரு நற்செய்தியிலிருந்தும் கையால் எழுதுங்கள். அச்சிட்டு ஒட்டுவதைவிடக் கையால் எழுதுவதே நல்லது. எழுதும்போதுதான் எந்தச் சொல் விடுபட்டிருக்கிறது என்று விரல் உணர்கிறது.

மாற்கின் கட்டம் சிறியது. பாவமன்னிப்புக்கான மனமாற்றத் திருமுழுக்கை யோவான் அறிவித்தார். கலிலேயாவின் நாசரேத்திலிருந்து இயேசு வந்து அவரிடம் திருமுழுக்கு பெற்றார். விளக்கம் எதுவும் இல்லை. மத்தேயுவின் கட்டத்தில் புதிதாக ஓர் உரையாடல் முளைக்கிறது: "நானல்லவா உம்மிடம் திருமுழுக்கு பெற வேண்டும்" என்று யோவான் தடுக்க, இப்பொழுது இடங்கொடும் என்று இயேசு சொல்லித்தான் காரியம் நடக்கிறது. இன்னும் நுணுக்கமாகப் பாருங்கள். யோவானின் திருமுழுக்கைப் பற்றிப் பேசும்போது "பாவமன்னிப்புக்கான" என்ற சொல்லை மத்தேயு விட்டுவிடுகிறார்; அதே சொல் அவருடைய நூலில் 26ஆம் அதிகாரத்தில், இறுதி இரவு உணவின் கிண்ணத்தைப் பற்றி இயேசு பேசுமிடத்தில் வருகிறது. மாற்கின் கிண்ண வசனத்திலோ அந்தச் சொல் கிடையாது. லூக்கா, யோவான் சிறையில் அடைக்கப்பட்டதை முதலில் சொல்லி முடித்துவிட்டு, அதன் பிறகே இயேசு திருமுழுக்கு பெற்றதைச் சொல்கிறார். கொடுத்தவர் யார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. நான்காவது கட்டத்தை நிரப்ப முயன்றபோது நான் திகைத்துப்போனேன். யோவான் நற்செய்தியில் தூய ஆவி புறாவைப் போல இறங்கியதற்குத் திருமுழுக்கு யோவான் சாட்சி சொல்கிறார். ஆனால் இயேசு தண்ணீரில் இறங்கியதாக ஒரு வரிகூட இல்லை.

நான்கு கட்டங்களையும் இடமிருந்து வலமாக ஒரே பார்வையில் பாருங்கள். ஒரு சங்கடம் நூலுக்கு நூல் வளர்வது தெரியும். பாவமில்லாதவர், எல்லாரிலும் பெரியவர் என்று திருச்சபை அறிக்கையிட்டவர், பாவமன்னிப்புக்கான சடங்கை இன்னொருவர் கையால் ஏன் பெற்றார்? இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தும் ஒரு கிறிஸ்தவர் இப்படியொரு நிகழ்ச்சியைப் புனைந்திருப்பாரா? புனைந்திருக்க மாட்டார், எனவே இது நடந்தது என்று சொல்வதைத்தான் ஆய்வாளர்கள் சங்கட அளவுகோல் என்கிறார்கள். இதோடு பன்முகச் சான்று என்ற அளவுகோலையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஒன்றையொன்று பாராத இரண்டு மூன்று ஊற்றுகளில் ஒரே செய்தி இருந்தால் அதன் எடை கூடும். ஆனால் அளவுகோலைக் கண்டதும் தராசு கிடைத்துவிட்டது என்று மகிழ வேண்டாம். மத்தேயுவுக்குச் சங்கடமானது மாற்குக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. மேலும், ஒரு செய்தி மாற்குக்கும் முந்தியது என்று காட்டினாலே அது இயேசுவின் வாழ்வில் நடந்தது என்று நிறுவியதாகிவிடாது. கடந்த சில பத்தாண்டுகளில் இந்த அளவுகோல்களை இத்துறையினரே கடுமையாகக் கேள்விக்குட்படுத்தியிருப்பது நியாயம் என்றே எண்ணுகிறேன். அவற்றை இயந்திரம்போல் ஓட்டாமல், வாதத்தின் ஒரு பகுதியாக மட்டும் பயன்படுத்துங்கள்.

முரண்பாடு வரும்போது

மத்தேயுவின்படி இயேசு பெரிய ஏரோதின் ஆட்சியில் பிறந்தார். ஏரோது இறந்தது கி.மு. 4. லூக்கா பிறப்பை இணைக்கும், சிரியாவின் ரோமானிய ஆளுநர் குரேனியுவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஜோசிஃபஸ் தரும் கணக்கின்படி கி.பி. 6இல் நடந்தது. இடைவெளி ஏறக்குறைய பத்தாண்டு. இதை எப்படியாவது ஒட்டுப்போட்டு மறைக்க முயல்வதும், பொய் என்று ஒரே சொல்லில் தள்ளுவதும் வாசிப்பைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன. எழுதியவர் எதைச் சொல்ல வந்தார் என்று கேளுங்கள். இருவரும் வெவ்வேறு வழிகளில் குழந்தையைத் தாவீது மன்னரின் ஊராகிய பெத்லகேமுக்குக் கொண்டுவருகிறார்கள். இருவருமே முடிவில் நாசரேத்தில் கொண்டுவந்து விடுகிறார்கள். பெருமை எதுவும் இல்லாத ஒரு சிற்றூரோடு அவர் பெயர் நீங்காமல் ஒட்டியிருந்தது என்பதும், அந்த ஊரைத் தவிர்க்க யாராலும் முடியவில்லை என்பதும் இங்கிருந்து கிடைக்கும் திடமான செய்தி.

தமிழில் படிக்கிறவர் ஓரிடத்தில் மட்டும் தனிக் கவனம் கொள்ள வேண்டும். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு "அப்பா" என்று மன்றாடுவதாக மாற்கு 14:36 சொல்லும்போது, அது தமிழ் மொழிபெயர்ப்பாளர் போட்ட சொல் அல்ல. கிரேக்க மூலத்திலேயே அப்படியே விடப்பட்ட, இயேசு பேசிய அரமேய மொழியின் சொல். நம் சொல்லோடு ஒலி ஒத்துப்போவதால், பிற மொழியினர் பலரின் கண்ணில் படும் இந்தத் தடயம் நம் கண்ணில் படாமல் போய்விடுகிறது. கிரேக்கம் பேசிய சபைகளுக்குப் பவுல் எழுதிய கடிதங்களிலும் இரண்டு இடங்களில் அதே சொல் இருக்கிறது. தங்களுக்குப் புரியாத மொழியின் ஒரு சொல்லை அந்தச் சபைகள் மொழிபெயர்க்காமல் காத்துவைத்தன என்றால், அது எவருடைய வாயிலிருந்து வந்ததாக அவர்கள் நினைத்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மண்ணில் நிறுத்திப் பார்த்தல்

நூல்களைப் பிரித்துப் படித்த பிறகு அகழாய்வுக்குப் போகலாம். 1961இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு பிலாத்துவை "பிரிஃபெக்ட்" என்ற ஆளுநர் பட்டத்தால் குறிக்கிறது. தாசிடஸ் அவருக்குத் தரும் "புரொகுரேட்டர்" என்ற பட்டம் பிற்காலத்தது என்பது அதனால் தெரிந்தது. 1968இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையில், சிலுவையில் அறையப்பட்ட ஒருவரின் குதிகால் எலும்பு ஆணியோடு கிடைத்தது. 1986இல் வறட்சியால் கலிலேயக் கடல் உள்வாங்கியபோது சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட, எட்டு மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள படகில், பத்துக்கும் மேற்பட்ட மர வகைகளின் துண்டுகள் ஒட்டுப்போடப்பட்டிருந்தன. கிடைத்த மரத்தையெல்லாம் வைத்துப் படகைத் தேற்றி ஓட்டிய மீனவர்களின் பொருளாதாரம் அந்தத் துண்டுகளில் இருக்கிறது. அதை "இயேசுவின் படகு" என்று விற்கும் விளம்பரங்களை ஒதுக்கிவிடுங்கள். அவர் உலவிய உலகத்தின் படகு என்பதே அதன் மதிப்பு.

அந்த உலகம் யூத உலகம். இந்த ஒன்றை மறந்த ஆய்வு எவ்வளவு கேடாக முடியும் என்பதை இத்துறையின் வரலாறே சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு "இயேசு வரலாறு" எழுதியவர்கள் ஒவ்வொருவரும் தம் காலத்து இலட்சிய மனிதரையே கண்டார்கள் என்று 1906இல் ஆல்பர்ட் சுவைட்சர் எடுத்துக்காட்டினார். அந்த எச்சரிக்கைக்குப் பிறகும், 1939இல் ஜெர்மனியின் ஐசனாக்கில், கிறிஸ்தவத்திலிருந்து யூதத் தாக்கத்தை நீக்குவதற்கென்றே ஒரு நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் ஆய்வுப் பொறுப்பில் இருந்த வால்டர் குருண்ட்மன் என்ற பேராசிரியர் இயேசு யூதரல்லர் என்று காட்ட முயன்றார். 1973இல் கேசா வெர்மெஷ், 1985இல் ஈ. பி. சாண்டர்ஸ் ஆகியோரின் நூல்கள் வந்த பின்னரே, யூத மதத்துக்குள் வைத்து இயேசுவைப் புரிந்துகொள்வது இத்துறையின் பொதுவழியானது. ஆகவே யூதச் சமயக் குழுவினரான பரிசேயரோடு இயேசு வாதிடும் பகுதிகளைப் படிக்கும்போது, அன்பான மனிதரும் கல்நெஞ்சரும் மோதுவதாகக் கற்பனை செய்யாதீர்கள். ஓய்வுநாள் மனிதருக்காகவே என்னும் கருத்துக்கு நெருங்கிய வாக்கு யூத ரபிகளின் பழைய உரையிலும் உண்டு. அது ஒரே வீட்டுக்குள் நடந்த வாதம்.

முடிவுகளை எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் உறுதியின் அளவைக் குறியுங்கள். யோவானிடம் திருமுழுக்கு பெற்றதும் பிலாத்துவின் ஆணையால் சிலுவையில் அறையப்பட்டதும் ஏறக்குறைய எல்லா ஆய்வாளரும் ஏற்பவை. கோவிலில் ஒரு கலகச் செயல் செய்தார் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் மாற்கில் அது கடைசி வாரத்திலும் யோவானில் பணியின் தொடக்கத்திலும் வருவதால், எப்போது என்பது வாதத்துக்குரியது.

இந்த முறையைத் தனியாகப் பயில மணவிலக்கு பற்றிய வாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்கு 10:11-12, மத்தேயு 5:32, மத்தேயு 19:9, லூக்கா 16:18, 1 கொரிந்தியர் 7:10-12 என்று ஐந்து கட்டங்கள். மத்தேயு மட்டும் சேர்க்கும் விதிவிலக்கை ஒரு வண்ணத்தில் குறியுங்கள். மனைவி கணவனை விலக்குவதைப் பற்றி நற்செய்திகளில் மாற்கு மட்டும் ஏன் பேசுகிறார் என்று பக்கத்தில் எழுதி, அந்த வழக்கம் எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்களுக்குப் பொருந்தும் என்று தேடுங்கள். பிறகு பவுலுக்கு வாருங்கள்: ஒரு கட்டளையை "நானல்ல, ஆண்டவரே" தருவதாகச் சொன்னவர், அடுத்த கட்டளைக்கு "ஆண்டவரல்ல, நானே சொல்கிறேன்" என்கிறார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, மற்ற நான்கு கட்டங்களையும் முதலிலிருந்து மீண்டும் படியுங்கள்.